நிறம் காட்டிய நெறி

நுழையும்முன்

நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, அதற்கேற்ற மருந்தைத் தேர்வதே மருத்துவ நெறி. கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியாக்களால் வரும் நோய்களில் இந்நெறியைக் கடைப்பிடிப்பது நெடுங்காலம் இயலாததாகவே இருந்தது. எல்லாப் பாக்டீரியாக்களும் நிறமற்ற புள்ளிகளாகவும் கோடுகளாகவும் தோன்றிய காலத்தில், அவற்றை இரு பெரும் பிரிவுகளாகப் பிரித்துக் காட்டும் வழியைத் திறந்தவர் டென்மார்க் நாட்டு மருத்துவர் ஒருவர். தம் முறை குறையுடையது என்று தாமே எழுதி வெளியிட்ட அவரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பெயரும் மனிதரும்

உயிரியல் பாடத்தில் கிராம் நேர் பாக்டீரியா, கிராம் எதிர் பாக்டீரியா என்னும் தொடர்களை மாணவர்கள் படித்திருப்பர். அங்கு வரும் ‘கிராம்’ என்னும் சொல் எடையைக் குறிக்கும் அலகு என்று கருதுவோரும் உண்டு. அஃது ஒரு மனிதரின் பெயர். அவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம். உலகெங்கும் உள்ள மருத்துவ ஆய்வகங்களில் நாள்தோறும் ஒலிக்கும் பெயர் அது. எனினும், அப்பெயருக்குரியவரை அறிந்தோர் மிகச் சிலரே.

கொள்ளைநோய்க் காலத்துக் குழந்தை

1853ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனைக் காலரா என்னும் கொள்ளைநோய் தாக்கியது. கோட்டை மதிலுக்குள் நெருக்கமாக அமைந்திருந்த அந்நகரில், சில மாதங்களுக்குள் 4000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நோய் எதனால் வருகிறது என்பதை மருத்துவர்கள் அறிந்திருக்கவில்லை. கெட்ட காற்றே காரணம் என்று பலர் நம்பினர். சாவின் நிழல் நகரின்மேல் படிந்திருந்த அந்த ஆண்டின் செப்டம்பர் 13ஆம் நாள் அந்நகரிலேயே கிராம் பிறந்தார். அவருடைய தந்தையார் சட்டத்துறைப் பேராசிரியர். கல்வியும் ஒழுங்கும் நிறைந்த இல்லத்தில் அவர் வளர்ந்தார்.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கிராமின் மனம் முதலில் நாடியது தாவரவியலையே. ஜபெட்டஸ் ஸ்டீன்ஸ்ட்ரப் என்னும் புகழ்பெற்ற விலங்கியல் அறிஞரிடம் அவர் தாவரவியல் உதவியாளராகப் பணியாற்றினார். இலைகளையும் தண்டுகளையும் மெல்லிய சீவல்களாக நறுக்கி நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கும் பயிற்சி அங்கு அவருக்குக் கிட்டியது. தாவரங்களிலிருந்து மருந்துகள் பிறக்கும் வகையையும் அவர் கற்றார். நுண்ணோக்கி, மருந்து ஆகிய இரண்டும் பின்னாளில் அவருடைய வாழ்வின் இரு கண்களாயின.

பின்னர் மருத்துவம் பயின்ற கிராம், கோபன்ஹேகன் மருத்துவமனையில் பணியாற்றினார். அக்காலத்தில் அவருடைய கவனம் இரத்தத்தின்மீது படிந்தது. ஒருவகைக் கொடிய இரத்தசோகையில் சிவப்பணுக்கள் இயல்பைவிடப் பெரியனவாக இருப்பதை முதன்முதலில் உணர்ந்தோருள் அவரும் ஒருவர். பலரும் ஒன்றுபோலவே கண்டவற்றுள் வேறுபாட்டைக் காணும் கூர்மை அவரிடம் இளமையிலேயே இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

பெர்லின் பயணம்

அக்காலத்தில் மருத்துவ அறிவியலின் தலைநகராகப் பெர்லின் விளங்கியது. 1882ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், காசநோயை உண்டாக்கும் பாக்டீரியாவைக் கண்டறிந்ததாக இராபர்ட் காக் அங்குதான் அறிவித்தார். பால் எர்லிக் என்னும் இளம் மருத்துவர் துணிச்சாயங்களைக் கொண்டு உயிரணுக்களுக்கு நிறமேற்றும் கலையை வளர்த்துக்கொண்டிருந்தார். எந்த நோய்க்கு எந்த நுண்ணுயிரி காரணம் என்பதைக் கண்டறிய ஐரோப்பிய ஆய்வாளர்கள் பலர் முனைந்திருந்தனர். இச்சூழலில் கிராமும் பெர்லின் சென்றார். நகர மருத்துவமனையில் கார்ல் ஃபிரீட்லேண்டர் என்னும் நோயியல் அறிஞரின் ஆய்வகத்தில் அவர் சேர்ந்தார்.

நிமோனியா எனப்படும் நுரையீரல் அழற்சி அந்நாளில் எண்ணற்றோரைக் கொன்றுவந்தது. அந்நோயால் இறந்தோரின் நுரையீரலில் ஒருவகைப் பாக்டீரியாவைக் கண்ட ஃபிரீட்லேண்டர், அதுவே நோய்க்குக் காரணம் என்று கருதினார். ஆல்பர்ட் ஃபிராங்கெல் என்னும் மற்றொரு மருத்துவரோ வேறொரு பாக்டீரியாவைக் காட்டி, அதுவே காரணம் என்றார். இருவருக்கும் இடையே கடுமையான கருத்துப்போர் மூண்டது. காரணத்தை அறியாமல் நோயை வெல்ல இயலாது என்பதால், இஃது இரு அறிஞர்களின் தனிப்பட்ட பூசலாக மட்டும் நின்றுவிடவில்லை.

அவ்வழக்கைத் தீர்ப்பதற்குத் தடையாக இருந்தது ஓர் எளிய இடர்ப்பாடே. நுரையீரல் திசுவை மெல்லிய சீவலாக நறுக்கிச் சாயம் ஏற்றினால், பாக்டீரியாக்களோடு திசுவின் உயிரணுக்களும் அதே நிறத்தை ஏற்றன. கூட்டத்தில் ஒருவரைத் தேடும்போது எல்லாரும் ஒரே நிற ஆடை உடுத்தியிருந்தால் எவ்வாறு அடையாளம் காண்பது? பாக்டீரியாவில் மட்டும் நிறம் தங்கி, திசுவின் நிறம் நீங்க வேண்டும். கிராம் தேடியது அவ்வழியைத்தான்.

ஊதா நிறம் தங்கிய விந்தை

கிராம் முதலில் திசுச் சீவலை ஊதாச் சாயக் கரைசலில் சில நிமிடங்கள் வைத்தார். பின்னர், அயோடினும் பொட்டாசியம் அயோடைடும் கலந்த கரைசலில் இட்டார். அதன்பின் தூய ஆல்கஹாலில் கழுவினார். ஆல்கஹால் பட்டதும் திசுவிலிருந்து ஊதா நிறம் வழிந்து நீங்கியது. இறுதியாகக் கிராம்பு எண்ணெயில் வைத்துச் சீவலைத் தெளிவாக்கி நுண்ணோக்கியில் நோக்கினார். வெளிறிய திசுவின் நடுவே, பாக்டீரியாக்கள் மட்டும் ஆழ்ந்த ஊதா நிறத்தில் பளிச்சிட்டன. சாயத்திற்கும் ஆல்கஹாலுக்கும் இடையே அயோடினைச் சேர்த்ததே இம்முறையின் உயிர்நாடி.

ஆனால், மகிழ்ச்சி முழுமை பெறவில்லை. குடற்காய்ச்சலை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் இம்முறையைச் செய்து பார்த்தபோது, அவை திசுவைப் போலவே நிறத்தை இழந்து மறைந்தன. நுரையீரல் அழற்சியில் காணப்பட்ட பாக்டீரியாக்களுள்ளும் பெரும்பாலானவை நிறத்தைத் தக்கவைக்க, சில இழந்தன. எல்லாப் பாக்டீரியாக்களையும் காட்டவேண்டிய முறை, சிலவற்றைக் காட்ட மறுத்தது. அவருடைய நோக்கின்படி இது குறையே.

இக்குறையை அவர் மறைத்திருக்கலாம். வெற்றி பெற்றவற்றை மட்டும் தொகுத்து வெளியிட்டிருக்கலாம். கிராம் அவ்வாறு செய்யவில்லை. 1884ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவ இதழொன்றில் வெளியான தம் கட்டுரையில், எவை நிறத்தைத் தக்கவைத்தன, எவை இழந்தன என்பதை ஒளிவுமறைவின்றிப் பதிவுசெய்தார். தம் முறை இன்னும் செம்மையுறாதது என்பதையும், பிறர் கைகளில் அது பயன்படக்கூடும் என்னும் நம்பிக்கையையும் அதில் தெரிவித்தார். அவ்விதழின் ஆசிரியராகவும் இருந்த ஃபிரீட்லேண்டரோ, பாக்டீரியாக்களுக்கு நிறமேற்றும் சிறந்த முறைகளுள் ஒன்று இது எனக் குறிப்பெழுதிப் பாராட்டினார்.

அதே 1884ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான், இந்தியாவின் கல்கத்தா நகரில் தங்கி ஆய்வுசெய்த இராபர்ட் காக், காலராவின் பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். கிராம் பிறந்த ஆண்டில் அவருடைய நகரைச் சூறையாடிய நோயின் காரணம் 31 ஆண்டுகளுக்குப்பின் வெளிப்பட்டது. அந்தப் பாக்டீரியாவும் கிராமின் சாயத்தை இழக்கும் வகையைச் சேர்ந்ததே.

குறையே பயனாயிற்று

கிராம் குறையெனக் கருதியதைப் பின்வந்தோர் பெரும்பயனாகக் கண்டனர். ஊதா நிறத்தைத் தக்கவைப்பன ஒரு பிரிவு. இழப்பன மற்றொரு பிரிவு. முன்னவை கிராம் நேர் பாக்டீரியாக்கள் என்றும், பின்னவை கிராம் எதிர் பாக்டீரியாக்கள் என்றும் பெயர்பெற்றன. நிறம் இழந்தவையும் கண்ணுக்குத் தெரியும்பொருட்டு, இறுதியில் செந்நிறச் சாயம் ஒன்றை ஏற்றும் வழக்கம் பின்னர் ஏற்பட்டது. இதனால் முதற்பிரிவு ஊதாவாகவும் இரண்டாம் பிரிவு இளஞ்சிவப்பாகவும் தோன்றலாயின.

நுரையீரல் வழக்கிற்கும் தீர்வு கிடைத்தது. ஃபிராங்கெல் கண்டது ஊதா நிறத்தைத் தக்கவைக்கும் இணைக்கோளப் பாக்டீரியா. ஃபிரீட்லேண்டரின் பெயரால் வழங்கியதோ நிறத்தை இழக்கும் கோல்வடிவப் பாக்டீரியா. இரண்டும் வெவ்வேறு உயிரிகள். இரண்டுமே நுரையீரல் அழற்சியை உண்டாக்க வல்லவை. எனினும், அந்நோய்க்குப் பெரும்பாலும் காரணமாவது ஃபிராங்கெலின் பாக்டீரியாவே என்பது பின்னர் உறுதியாயிற்று. ஃபிரீட்லேண்டர் 1887ஆம் ஆண்டில், நாற்பது வயதை எட்டுமுன்னரே காலமானார். அவருடைய ஆய்வகத்தில் பிறந்த முறையே அவருடைய முடிவைத் திருத்தியது. ஆளைவிட உண்மை பெரிது என்பதே அறிவியலின் அறம்.

தெரிந்து தெளிவோம்

பாக்டீரியாக்களை வகைப்படுத்த நிறத்தோடு வடிவமும் அடுக்குமுறையும் துணைபுரிகின்றன. உருண்டையானவை கோளவடிவப் பாக்டீரியாக்கள்; நீண்டவை கோல்வடிவப் பாக்டீரியாக்கள்; வளைந்தும் சுருண்டும் இருப்பன சுருள்வடிவப் பாக்டீரியாக்கள். கோளவடிவின திராட்சைக் கொத்துப்போல் திரண்டிருந்தால் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்றும், மணிமாலைபோல் கோத்திருந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றும் ஊகிக்கலாம். இவ்விரண்டும் கிராம் நேர் வகையின. பெருங்குடலில் வாழும் எஸ்செரிசியா கோலை, குடற்காய்ச்சலை உண்டாக்கும் சால்மோனெல்லா ஆகியன கிராம் எதிர் கோல்வடிவின. உயிர்வளி இருந்தால் வளர்வன, இல்லாதபோது வளர்வன என்பதும் மற்றொரு பாகுபாடு.

மருந்தியல் பேராசிரியர்

தாயகம் திரும்பிய கிராம் பாக்டீரியா ஆய்விலேயே நின்றுவிடவில்லை. 1891ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் பேராசிரியரானார். 1900ஆம் ஆண்டில் மருத்துவத்துறைப் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். நோயாளியின் படுக்கையருகே நின்று மாணவர்களுக்குக் கற்பிப்பதில் அவர் பெரிதும் ஆர்வம் காட்டினார். அவருடைய மருத்துவச் சொற்பொழிவுகள் நான்கு தொகுதிகளாக வெளிவந்து டென்மார்க் முழுவதும் பயன்பட்டன.

1901 முதல் 1921 வரை டென்மார்க்கின் மருந்து நெறிநூல் குழுவிற்கு அவர் தலைமை தாங்கினார். பழக்கத்தின் காரணமாக மட்டுமே வழங்கிவந்த, பயன் மெய்ப்பிக்கப்படாத மருந்துகள் பல அக்காலத்தில் இருந்தன. அவற்றை நெறிநூலிலிருந்து நீக்குவதில் கிராம் பெரும்பங்கு ஆற்றினார். காரணம் தெரியாமல் மருந்து கொடுப்பது மருத்துவமாகாது என்பதே அவருடைய பணியின் உட்பொருள். 1923ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற அவர், 1938ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் இயற்கை எய்தினார்.

அவர் மறைவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே இலண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டறிந்திருந்தார். ஆயினும், அது மருந்தாக உருவாகி நோயாளிகளுக்குச் செலுத்தப்பட்டது 1941ஆம் ஆண்டில்தான். தாம் கண்ட நிறவேறுபாடு உயிர்காக்கும் மருந்தைத் தேர்வதற்கு வழிகாட்டும் என்பதைக் காணக் கிராம் உயிரோடு இல்லை.

சுவர் சொன்ன உண்மை

ஃபிளெமிங்கின் ஆய்வில் ஒரு விந்தை வெளிப்பட்டது. பென்சிலின், கொத்துக்கோளங்களையும் மாலைக்கோளங்களையும் அழித்தது. குடற்காய்ச்சல் பாக்டீரியாவையும் பெருங்குடல் பாக்டீரியாவையும் ஒன்றும் செய்யவில்லை. சில விலக்குகள் நீங்கலாக, கிராமின் சாயம் பிரித்த எல்லைக்கோட்டிலேயே பென்சிலினின் ஆற்றலும் பிரிந்து நின்றது. கிராம் எதிர் பாக்டீரியாக்களை வெல்லும் மருந்தைத் தேடிய செல்மன் வாக்ஸ்மன் குழுவினர், ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டறிந்து 1944ஆம் ஆண்டில் அறிவித்தனர். அது காசநோய்க்கும் மருந்தாயிற்று.

சாயமும் மருந்தும் ஒரே எல்லையில் நிற்பது ஏன்? பாக்டீரியாவின் செல்சுவரே அதற்குக் காரணம். கிராம் நேர் பாக்டீரியாக்களைச் சுற்றிப் பெப்டிடோகிளைக்கான் என்னும் பொருளாலான தடித்த சுவர் உள்ளது. ஆல்கஹால் பட்டதும் அச்சுவர் நீர் வற்றி இறுகி, உள்ளிருக்கும் ஊதாச் சாயத்தைச் சிறைப்படுத்துகிறது. கிராம் எதிர் பாக்டீரியாக்களில் அச்சுவர் மெல்லியது. அதற்கு வெளியே கொழுப்புப் பொருள் செறிந்த சவ்வு ஒன்று உண்டு. ஆல்கஹால் அச்சவ்வைச் சிதைக்க, சாயம் வெளியேறிவிடுகிறது.

பென்சிலின், செல்சுவர் கட்டப்படுவதைத் தடுத்துப் பாக்டீரியாவை அழிப்பது. கிராம் நேர் பாக்டீரியாவின் சுவரை அஃது எளிதில் அடைகிறது. கிராம் எதிர் பாக்டீரியாவின் வெளிச்சவ்வோ அதற்குத் தடையாகிறது. வான்கோமைசின் போன்ற பெரிய மூலக்கூறுகள் அத்தடையைக் கடக்க இயலாதவை. ஆம்பிசிலின் போன்றவை சவ்விலுள்ள நுண்துளைகள் வழியே புகுமாறு மாற்றி அமைக்கப்பட்டவை. இவ்வாறு, ஒரு நிறம் பகைவனின் கவசத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

மருந்தைத் தேரும் முறை

கடுங்காய்ச்சலும் தலைவலியும் கழுத்து விறைப்பும் கொண்ட ஒருவர் மருத்துவமனைக்கு வருகிறார் என்று கொள்வோம். மூளையுறை அழற்சியோ என மருத்துவர் ஐயுறுகிறார். பாக்டீரியாவை வளர்ச்சி ஊடகத்தில் வளர்த்து இனங்காண ஓரிரு நாள்கள் ஆகும். அதுவரை காத்திருந்தால் உயிர் தங்காது. எனவே, மருத்துவர் தாமதமின்றிப் பல பாக்டீரியாக்கள்மீது செயல்படும் உயிர் எதிர்ப்பொருள்களைச் செலுத்துகிறார். அதேவேளையில் தண்டுவட நீரின் துளியொன்று கண்ணாடித் தகட்டில் இடப்பட்டுக் கிராம் சாயமேற்றப்படுகிறது. சில நிமிடங்களில் விடையின் முதற்பகுதி கிடைக்கிறது. ஊதா நிற இணைக்கோளங்கள் தெரிந்தால் ஒரு பகைவன்; இளஞ்சிவப்பு இணைக்கோளங்கள் தெரிந்தால் வேறொரு பகைவன்; இளஞ்சிவப்புக் கோல்கள் தெரிந்தால் மற்றொருவன்.

பாக்டீரியா வளர்ந்தபின் எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பது சோதிக்கப்படுகிறது. பாக்டீரியா பரப்பிய தட்டில் மருந்து தோய்ந்த சிறு வட்டுகளை வைப்பர். வட்டைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தெளிந்த வளையம் போதிய அகலத்தில் இருந்தால் அம்மருந்து பயன்தரும். வட்டின் விளிம்புவரை வளர்ந்திருந்தால் பயன்தராது. அதன்பின், பலவற்றைத் தாக்கும் மருந்தை விடுத்து, நோய்க்குக் காரணமான பாக்டீரியாவை மட்டும் குறிவைக்கும் மருந்துக்கு மருத்துவர் மாறுகிறார். நோய்த்தொற்றுள்ள உறுப்பை மருந்து சென்றடையுமா, நோயாளிக்கு ஒவ்வாமை உண்டா, சிறுநீரகம் நலமாக உள்ளதா, அவர் கருவுற்றவரா, வயது என்ன என்பனவற்றையும் அவர் ஆராய்கிறார். அளவும் நாள்களும் அதன்பின்னரே வரையறுக்கப்படுகின்றன.

கிராம் சாயத்திற்கும் எல்லை உண்டு. காசநோய்ப் பாக்டீரியாவின் மெழுகுச் சுவர் அச்சாயத்தைச் சரிவர ஏற்பதில்லை. அதற்கு வேறு சாயமுறை தேவை. மைக்கோபிளாஸ்மாவிற்குச் செல்சுவரே இல்லை. ஆதலால், சுவரைத் தாக்கும் பென்சிலின் அதனிடம் தோற்கிறது. வைரசுகளால் வரும் சளிக்கும் காய்ச்சலுக்கும் எந்த உயிர் எதிர்ப்பொருளும் பயன்படாது. ஒரு காலத்தில் பென்சிலினுக்குப் பணிந்த கொத்துக்கோளப் பாக்டீரியாக்கள் பல, இன்று அதைச் சிதைக்கும் நொதியைச் சுரந்து எதிர்த்து நிற்கின்றன. தேவையின்றி உண்ணும் ஒவ்வொரு மாத்திரையும் இத்தகைய எதிர்ப்பாற்றல் பெருக வழிசெய்கிறது. நம் நாட்டில் மருந்து அட்டைகளில் காணும் சிவப்புக் கோடு, மருத்துவரின் சீட்டின்றி அதனை வாங்கலாகாது என்பதற்கான எச்சரிக்கையே.

நிறைவாக

கிராம் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. நோய் எதையும் ஒழிக்கவில்லை. வேறுபாட்டை உற்றுநோக்கினார், கண்டதைக் கண்டபடி எழுதினார், தம் முறை எங்குப் பொய்த்தது என்பதையும் சேர்த்தே எழுதினார். அவர் அந்தத் தோல்விகளை மறைத்திருந்தால், அவற்றுள் பொதிந்திருந்த உண்மை வெளிப்படக் காலம் தாழ்ந்திருக்கும். ஆய்வகக் கண்ணாடித் தகட்டில் ஊதாவும் இளஞ்சிவப்பும் தோன்றும்போதெல்லாம் ஏதோ ஓர் உயிருக்கு உரிய மருந்து எது என்னும் கேள்விக்கு விடை தொடங்குகிறது. அவ்விடையின் முதல் எழுத்தை எழுதியவர், குறையை ஒப்புக்கொள்ள அஞ்சாத அந்தக் கோபன்ஹேகன் மருத்துவரே.